தொடை என்று சொன்னார்கள்

“இது ஆம்பளச் சமாச்சாரம் அம்மணி. டாக்டரு முன்னால போயி நின்னு நீ என்னன்னு சொல்லுவ? உனக்கு வாய் வருமா?”

டவுனில் இருந்த ஒரு மருத்துவமனையில், டோக்கன் வரிசையில் நின்றபடி என் கணவரின் பெரியப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கோபத்தையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். மாமனார் இல்லாத வீட்டில் அவர் சொல்வதுதான் முடிவு. அவருக்குப் பின்னால் இரும்பு பெஞ்சில் என் கணவர் கால்களை அகட்டி, காய்ச்சலில் கண்களை மூடி, சாய்ந்து கிடந்தார்.

எனக்கு வாய் வந்தது. எப்படி வந்தது, அதற்குள் எவ்வளவு கெட்டுப்போயிருந்தது, பிறகு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். சொல்லக் கூசும் அதே இடத்தில் அடிபட்ட ஓர் ஆணும், அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் படிக்க வேண்டும் என்பதற்காக.

இது இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. நாங்கள் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான், என் கணவர், அவருடைய அம்மாவான என் அத்தை. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பகுதியில் இருந்தேன். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குகிற வேலை. என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

என் கணவர் பனியன் துணி பின்னும் சிறிய யூனிட் ஒன்றில் மெஷின் ஓட்டினார். அந்த மெஷின் வட்டமாக, ஒரு பெரிய அண்டாவைப் போல இருக்கும். அதற்குள் சுற்றிலும் ஊசிகள் நிற்கும். தையல் ஊசி போல அல்ல. விரல் நீளம், தலையில் ஒரு கொக்கி, அந்தக் கொக்கியை மூடித் திறக்கச் சின்னதாக ஒரு நாக்கு. ஓர் ஊசி வளைந்தாலும் துணியில் மேலிருந்து கீழாகக் கோடு விழும். உடனே மெஷினை நிறுத்தி, கெட்ட ஊசியைப் பிடுங்கிவிட்டு வேறு ஊசி போட வேண்டும்.

புது ஊசிகளை முதலாளி தன் மேசையில் பூட்டி வைத்திருப்பார். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். அதனால் பிடுங்கிய ஊசி யாருக்கும் குப்பை இல்லை. வெளியே வைத்தால் பக்கத்து மெஷின்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று, எல்லோரும் லுங்கிக்கு உள்ளே போடும் அரை டவுசரின் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாக்கெட் ஆழமானது. தொடைக்கும் நடுவுக்கும் இடையில் தொங்கும். என் கணவரும் அப்படித்தான், வளைந்த ஊசிகளை ஒரு காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டிருந்தார்.

அன்று அறுந்த நூலை முடிய, மெஷினின் சட்டத்தில் கால் வைத்து மேலே ஏறியிருக்கிறார். கால் வழுக்கி, கீழே இருந்த இரும்புக் குழாயின் மேல் இரு பக்கமும் கால் போட்ட வாக்கில் விழுந்துவிட்டார். மொத்த எடையும் அந்தக் காகிதப் பொட்டலத்தின் மேல் இறங்கியது.

நான் கம்பெனியிலிருந்து வந்தபோது அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அத்தை முந்திக்கொண்டு சொன்னார். “ஒண்ணும் இல்ல கண்ணு. தொடையில ஊசி குத்திருச்சு. கிளினிக்குல எடுத்துட்டாங்க. டிடி ஊசியும் போட்டாச்சு.”

தொடையில் ஒரு கட்டு இருந்தது. நான் நம்பினேன்.

கிளினிக்கில் நடந்ததைப் பின்னால் தெரிந்துகொண்டேன். டாக்டர் “எங்கே அடி?” என்று கேட்டிருக்கிறார். என் கணவர் வாய் திறக்கவில்லை. தகவல் கேட்டு ஓடிவந்திருந்த அத்தை “தொடையிலங்க” என்றிருக்கிறார். தொடையின் உள்பக்கம் ஓர் ஊசி குத்தி நின்றதும் உண்மைதான். டாக்டர் அதை எடுத்துவிட்டு, டவுசரைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். “வேண்டாங்க, வேற ஒண்ணும் இல்லீங்க” என்று என் கணவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தாயும் நர்ஸும் பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆண் கழற்றுவான்? டாக்டர் தொடைக்கு ஓர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். தொடையைப் படம் எடுத்தால் தொடைதான் தெரியும். “நல்லாருக்குதுங்க, பயப்பட வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து வந்த நாட்களில் அவர் நடை மாறியது. கால்களை அகட்டி, தரையைத் தேய்த்து நடந்தார். கட்டு ஓரிடத்தில் இருக்க, லுங்கியில் கறை வேறோர் இடத்தில் இருந்தது. நாள் முழுக்கக் கறை பார்க்கிற வேலை செய்கிறவள் நான். கேட்டேன். “தொடையில கட்டு நகந்துருக்கும். நீ சும்மா இரு” என்று எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. பிறகு காய்ச்சல் வந்தது. அத்தை மஞ்சள் வேப்பிலை அரைத்து, என்னை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பத்துப் போட்டார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இப்படி ஒரு கதவு இருப்பதை அப்போது நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கதவைத் திறந்தவர் செல்வராஜ் அண்ணன். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், என் கணவருக்குப் பக்கத்து மெஷின். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தவர் வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டார்.

“ஊசி அம்புட்டையும் எடுத்துட்டாகளா தங்கச்சி?”

“ஒண்ணுதானுங்கண்ணா. தொடையில இருந்துச்சு.”

அவர் செருப்பைப் போடாமல் நின்றார். “தொடையா? யாரு சொன்னா? பொட்டலமே டவுசர் பாக்கெட்ல கெடந்துச்சு. விழுந்தப்பறம் பொட்டலத்த வெளிய எடுத்துப் பாத்தா பாதி ஊசியக் காணோம். நான்தான் கையத் தாங்கி ஆட்டோவுல ஏத்துனேன். ரத்தம் தொடையில இருந்தா வந்துச்சு?” என்றவர் சட்டென்று நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஓங்கிட்டப் போயி இதச் சொல்லுதேன் பாரு.”

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அத்தை வெளியே நின்று கதவைத் தட்டினார். என் கணவர் “வேண்டாம் புள்ள” என்றார். நான் லுங்கியை விலக்கினேன்.

பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். இதே நிலையில் இருப்பவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும். விதைப்பை (விந்தகங்கள் இரண்டையும் தாங்கும் தோல் பை) வீங்கி, ஒரு தேங்காய் அளவு இருந்தது. தோல் பளபளவென்று இழுபட்டு, இடது பக்கம் கருஞ்சிவப்பாக இருந்தது. சின்னச் சின்னத் துளைகளிலிருந்து சீழ் கசிந்தது. தொடும் முன்பே சூடு தெரிந்தது. நாற்றம் இருந்தது.

“இதுதான் தொடைங்களா?” என்று கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. நான் அழவில்லை. எனக்கு வந்தது ஆத்திரம். அவர் மேல் இல்லை, அத்தை மேலும் இல்லை. அந்த ஒரு சொல்லின் மேல்.

இப்படித்தான் நாங்கள் டவுன் மருத்துவமனையின் டோக்கன் வரிசையில் நின்றோம். அத்தையும் பெரியப்பாவும் துணைக்கு வந்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல் “என்ன கம்ப்ளெய்ண்ட்?” என்றார். பெரியப்பா முந்தினார். “தொடையில அடிங்க.”

“எலும்பு டாக்டர். மாடிக்குப் போங்க. மூணு மணிக்கு மேலதான் வருவாரு.”

சீட்டு பெரியப்பாவின் கைக்கு வந்துவிட்டது. ஒரு சொல்லால் நாங்கள் எந்த மாடிக்குப் போகிறோம் என்பதே மாறிவிட்டது. நான் சீட்டைத் திரும்ப ஜன்னலில் வைத்தேன். அப்போதுதான் பெரியப்பா, வாய் வருமா என்று கேட்டார்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்க மண்டலம் என்று ஒரு பாடம் உண்டு. எங்கள் டீச்சர் அந்தப் பக்கங்களை மொத்தமாகப் புரட்டி, “இத ஊட்டுல படிச்சுக்குங்க” என்று தாண்டிவிட்டார். பையன்கள் சிரித்தார்கள். பெண்கள் குனிந்துகொண்டோம். ஆனால் நான் வீட்டில் படித்தேன். அரிக்கேன் விளக்கில், படத்தோடு, வாய்விட்டுப் படித்தேன். வீட்டில் யாருக்கும் புரியாது என்பதால் யாரும் தடுக்கவில்லை. படிக்காத குடும்பத்தில் படிப்பதில் இப்படியும் ஒரு வசதி.

“தொடை இல்லீங்க” என்றேன் ஜன்னலில். “விதைப்பையில ஊசி குத்தி உள்ளயே நிக்குது. சீழ் வெச்சுக் காய்ச்சல் அடிக்குது. ஆபரேஷன் பண்ற டாக்டரப் பாக்கோணும்.”

பின்னால் ஒரு பாட்டி “என்னாங்கறா?” என்று கேட்க, யாரோ காதில் சொன்னார்கள். ஜன்னல்காரர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். “அவசரப் பிரிவு. நேரா உள்ள கூட்டிட்டுப் போங்க.”

பெரியப்பா அங்கேயே நின்றுவிட்டார். நானும் ஒரு வார்டு ஆளும்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம்.

அறுவை மருத்துவர் நடு வயதுக்காரர். அதிகம் பேசாதவர். பார்த்ததும் கையுறையைக் கழற்றாமலே எக்ஸ்ரேவுக்கும் ஸ்கேனுக்கும் சொன்னார். இந்த முறை படம் சரியான இடத்தில் எடுக்கப்பட்டது. கருப்புப் படத்தில் வெள்ளைக் கோடுகள், கருவேல முள்ளை அள்ளிப் போட்டதுபோல. சில முழுசாக, சில ஒடிந்து.

“இது என்ன ஊசி? தையல் ஊசி மாதிரி இல்லையே” என்றார்.

“நிட்டிங் ஊசிங்க. தலையில கொக்கி இருக்கும்.”

“ஒண்ணு பாக்கணுமே. கிடைக்குமா?”

போன் செய்ததும் செல்வராஜ் அண்ணன் யூனிட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்து, நாக்கை நகத்தால் திறந்து மூடினார். “தூண்டில் முள்ளு. வந்த வழியா இழுத்தா சதையப் பிச்சிட்டு வரும். இழுக்கக் கூடாது. திறந்துதான் எடுக்கணும்” என்றார். வீட்டில் முள் எடுப்பதுபோல யாராவது எடுக்க முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, எங்கள் வீட்டில் வெட்கம் அந்த அளவுக்குத் துணியவில்லை.

பிறகு பெரியப்பாவையும் அத்தையையும் உள்ளே அழைத்து, எங்கள் எல்லோரையும் வைத்துச் சொன்னார். இடது விந்தகத்தை (விந்தும் ஆண் ஹார்மோனும் சுரக்கும் உறுப்பு) ஊசி துளைத்திருக்கிறது. ஸ்கேனில் அதற்குள் ரத்த ஓட்டம் தெரியவில்லை. உள்ளே பார்த்துவிட்டு, செத்திருந்தால் எடுத்துவிட வேண்டியிருக்கும். விட்டால் தொற்று சுற்றியுள்ள தோலையும் தின்றுவிடும், ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். இனியும் தள்ளிப்போட முடியாது. அதற்குச் சம்மதம் வேண்டும்.

பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “ஊசிய மட்டும் எடுத்துருங்க சாமி. மத்ததுல கை வெக்க வேண்டாமுங்க. வயசுப் பையன். இன்னும் ஒரு புள்ளயக் கண்ணுல பாக்கல.”

அத்தை சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு “ஒண்ணப் புடுங்கிட்டா அப்பறம் அவன் பாதி ஆளுங்களா டாக்டரு?” என்றார்.

“ஒண்ணு இருந்தாப் போதும்மா. கிட்னியும் அப்படித்தான். மீசை இருக்கும், குரல் இருக்கும், எல்லாம் இருக்கும். குழந்தைக்கும் வாய்ப்பு இருக்கும். ஆளு இருந்தாத்தான் இதெல்லாம்.”

“மருதமலைப் பக்கம் ஒரு வைத்தியரு இருக்காரு. ஒரு எட்டு அங்க காட்டிட்டு...” என்று பெரியப்பா தொடங்கினார்.

நான் குறுக்கே பேசினேன். பெரியவர் பேச்சில் குறுக்கிடுவது எங்கள் வீட்டில் அதுவே முதல் முறை. “தொடைன்னு சொல்லிச் சொல்லித்தானுங்க மாமா இவ்வளவு தூரம் வந்துருக்குது. இனி யாரு கிட்டயும் காட்ட வேண்டாமுங்க.”

கையெழுத்து என் கணவருடையதுதான். அவர் நினைவோடு இருந்தார். டாக்டர் அவரைத்தான் கேட்டார். அவர் என்னைக் கேட்டார். “நீ என்ன சொல்ற?”

“எனக்கு நீங்க வேணுமுங்க” என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன். எங்கள் வீட்டில் கட்டைவிரல் மையோடு இருந்த தலைமுறைக்குப் பிறகு நான் போட்ட முக்கியமான கையெழுத்து அது. கல்யாணப் பதிவில் போட்டதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். சி-ஆர்ம் (அறுக்கும்போதே உள்ளிருக்கும் உலோகத்தைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவி) வைத்துப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சில துண்டுகள் அடிச்சதைக்குள் நழுவிப் போயிருந்தனவாம். இடது விந்தகம் செத்திருந்தது. எடுத்துவிட்டார்கள். வலது பக்கத்தில் கீறல் மட்டும். அதைக் கழுவி, காப்பாற்றி வைத்தார்கள்.

வெளியே வந்த டாக்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைக் காட்டினார். ஊசிகள் கருத்துப் போயிருந்தன. ஒன்றின் நாக்கு இன்னும் ஆடியது. அத்தை பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் கம்பெனியில் தைக்கிற துணியெல்லாம் இப்படிப்பட்ட ஊசிகளின் வாயிலிருந்துதான் வருகிறது. அதற்கு முன்பு ஒருநாளும் நான் அதை அருகில் பார்த்ததில்லை.

காயத்தை முழுவதும் மூடித் தைக்கவில்லை. மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும் என்றார் டாக்டர். ஒரு டிரெய்ன் (தேங்கும் நீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாய்) வைத்து, மீதியைத் திறந்தே விட்டு, அடியிலிருந்து மேலாக ஆற வேண்டும் என்றார். தினமும் கழுவி, உப்புநீரில் நனைத்த காஜ் துணியை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும்.

ஆண்கள் வார்டில் கட்டுப் போடும் நேரத்தில் பெண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் போகவில்லை. சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். “மத்த பேஷண்ட் எல்லாம் கூச்சப்படுவாங்கம்மா.”

“திரைய இழுத்து உட்ருங்க சிஸ்டர். ஊட்டுல நாந்தான் செய்யோணும். எனக்குக் காட்டாம வேற யாருக்குக் காட்டுவீங்க?”

சிஸ்டர் சிரித்துவிட்டார். கையைக் கழுவு என்றார். சொல்லிக் கொடுத்தார். கையுறை போடும் விதம், காஜை அழுத்தித் திணிக்காமல் இலேசாக வைக்கும் விதம், எந்த நிறம் வந்தால் நல்லது, எந்த வாசம் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பது. முதல் தடவை சிஸ்டர் பக்கத்தில் நிற்க நானே கட்டினேன். என் கணவர் கண்களை மூடிக்கொண்டு “சீக்கிரம் புள்ள” என்றார். சில நாட்களுக்குப் பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார். அதற்கும் பிறகு “இன்னிக்கு எப்புடி இருக்குது?” என்று கேட்கத் தொடங்கினார். அவர் உடம்பை அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாட்கள் அவை.

வீட்டுக்கு வந்தபின் விதைப்பையைத் தொங்கவிடாமல் தாங்கிப் பிடிக்க ஒரு துணி வேண்டும் என்றார்கள். மருந்துக்கடையில் கிடைத்தது சொரசொரவென்று காயத்தில் உரசியது. பனியன் ஊரில் இருந்துகொண்டு இதற்கு வழியில்லையா என்று, கட்டிங் வேஸ்ட்டில் இழுத்தால் நீளும் மெத்தென்ற ரிப் துணியாகப் பொறுக்கி, அளவு வரைந்து, மதிய இடைவேளையில் எங்கள் டெய்லர் சரசுவிடம் கொடுத்தேன். ஏதோ பையர் (துணி வாங்கும் வெளிநாட்டு வியாபாரி) கேட்ட மாதிரி என்று நினைத்து அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்த பையருக்குங்க இந்தப் பீஸு? புது ஸ்டைலா இருக்குது.”

“உள்ளூர் பையர். ரொம்ப ஸ்ட்ரிக்ட். தையல் உறுத்துனா ரிட்டர்ன் பண்ணிருவாரு.”

அவளுக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்தாள். ஆனால் தையலை வெளிப்பக்கம் வருமாறு திருப்பித் தைத்துக் கொடுத்தாள். உறுத்தவில்லை. மறுநாள் கேட்காமலே இன்னும் சிலது தைத்து, ஒரு பாலிதீன் கவரில் போட்டு, பீஸ் மடிப்பதுபோல மடித்து என் பையில் வைத்துவிட்டாள்.

பேச்சுகள் வந்தன. வராமல் இருக்குமா? அவர் முதன்முதலாக டீக்கடைக்கு நடந்து போனபோது, பழைய கூட்டாளி ஒருவர் பெஞ்சிலிருந்து நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டே “வா மாப்ள. ஒத்த மாட்டு வண்டி ஆயிட்டியாமா?” என்றாராம். என் கணவர் டீயைக் குடிக்காமலே திரும்பி வந்துவிட்டார். அதன் பிறகு பல நாள் வெளியே போகவில்லை. உடம்பின் காயம் ஆறி மேலே வந்துகொண்டிருந்தது. மனசின் காயம் அடியிலேயே இருந்தது. ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் படுக்க வந்தால் நகர்ந்துகொள்வார்.

இதையும் டாக்டரிடம் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். டாக்டர் அவரைப் பார்த்து, “பயம்தான். உறுப்பு நல்லாத்தான் இருக்கு. மனசுக்கும் கொஞ்ச நாள் குடுங்க” என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் குனியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கணவர் சொன்னார். “நீ எல்லாத்தையும் எப்புடிப் புள்ள கடையில இட்லிக் கணக்குச் சொல்றாட்டம் சொல்ற?” அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

அவர் மறுபடி டீக்கடைக்குப் போனபோது அதே கூட்டாளி ஏதோ தொடங்க, இவரே முந்திக்கொண்டாராம். “ஒத்த மாட்டு வண்டிதாம் மாப்ள. பல்லடம் வரைக்கும் நிக்காமப் போகும். ஏறிக்கிறயா?” செல்வராஜ் அண்ணன் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆனால் உறவுக்காரர்களுக்கு அது போதவில்லை. பெரியப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்து, டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டால் நாலு பேருக்குப் பதில் சொல்லலாமே என்றார். விந்துப் பரிசோதனையைச் சொல்கிறார். அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. “அந்த டெஸ்ட்டு” என்றார்.

“நாலு பேரு யாருங்க மாமா?” என்று கேட்டேன். அவர் வாய் திறக்கும் முன் நானே தொடர்ந்தேன். “எங்களுக்கு எப்போத் தேவையோ அப்போ எடுத்துக்கறோமுங்க. ரிசல்ட்ட நாங்க ரெண்டு பேருந்தானுங்க பாப்போம்.”

அத்தை உள்ளே காபி கலந்துகொண்டிருந்தார். வெளியே வந்து டம்ளரைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, “அவ சொல்றது செரிதானுங்க மாமா. நான் ஒருக்கா வாய மூடிட்டு இருந்து பட்டது போதும்” என்றார். அத்தை என் பக்கம் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

படிக்கிற உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும். குழந்தை உண்டா? நான் சொல்ல மாட்டேன். உண்டு என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்பீர்கள். இல்லை என்றால் ஐயோ என்பீர்கள். அவர் பிழைத்தார். அவர் முழு ஆள். இந்தக் கட்டுரைக்கு அது போதும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அங்கே அடிபட்டால் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குத்தி நிற்பதை இழுக்காதீர்கள். பத்துப் போடாதீர்கள். அன்றைக்கே போங்கள். போய், இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். புத்தகச் சொல் தெரியாவிட்டால் ஊர்ச் சொல்லைச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் விரலால் காட்டுங்கள். உங்கள் முன்னால் அவன் கழற்ற மாட்டான், நீங்கள் வெளியே போய் நின்று அவனுக்கு வழிவிடுங்கள். டாக்டர் முகம் சுளித்தால் அது அவர் பிரச்சனை.

அவர் திரும்ப மெஷின் ஓட்டுகிறார். இப்போது மெஷினுக்கு ஒரு மூடி போட்ட டப்பா தொங்குகிறது, பழைய ஊசி அதில்தான். இடது பக்கம் இலேசாக இருப்பதுபோல் தெரிகிறது என்கிறார், சட்டத்தில் ஏறும்போது மட்டும். குனிவதற்கு முன்னால் ஒரு நொடி நின்று யோசிக்கிறார். முன்பு எங்கள் வீட்டின் நேரம் ஷிப்ட் சங்கில் இருந்தது. காயம் ஆறிய அந்த மாதங்களில் அது காயத்தின் ஆழத்துக்குப் போய்விட்டது. நேற்று இவ்வளவு காஜ் போனது, இன்று அதைவிடக் குறைவு, அதுதான் ஒரு நாள் போனதற்கு அடையாளம். கடைசியில் காஜ் வைக்கவே இடமில்லை என்று ஆன காலையில், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

என் உடம்பும் எனக்கு மாறிவிட்டது. எனக்கு நெடுநாளாக இருந்த வெள்ளைப்படுதலை “அசதி” என்றே சொல்லிவந்தேன். அந்த வருடம் ஒரு பெண் மருத்துவரிடம் போய் அதன் பெயரைச் சொன்னேன். சில வார மாத்திரையில் நின்றது.

இதை எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். “எம் பேரப் போடாத. எடத்தப் போடு” என்றார்.

எங்கள் கம்பெனியில் முதலுதவி அறை ஒன்று உண்டு. வெளிநாட்டு பையர்கள் பார்வையிட வரும்போது திறப்பார்கள், மற்ற நாளில் பூட்டிக் கிடக்கும். அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி கொடுப்போம் என்று போன மாதம் போர்டில் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்தேன். ஆபீஸில் இருந்த சார் தயங்கினார்.

“கட்டிங், அயர்னிங் எல்லாம் ஆம்பளைங்கதான். அவங்களும் வருவாங்க. பரவால்லீங்களா? எதுக்கும் ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்.”

“அவருக்குக் கட்டுப் போட்டுத்தானுங்க சார் நான் பழகுனதே.”

பயிற்சி முடிந்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து அறையின் சாவி என்னிடம் இருக்கிறது. முதல் வேலையாக, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்றார்கள். உள்ளே வருகிறவர் பயமில்லாமல் துணியைக் கழற்ற வேண்டும் அல்லவா என்றேன். நேற்று ஆசாரி வந்து பொருத்திவிட்டுப் போனார். நானே சாத்தித் திறந்து பார்த்துவிட்டேன். நன்றாக விழுகிறது.